நான் திறந்து காட்டிய பாத்தி

ஒரு மனிதரைப் பொய் சொல்லிச் சிறைக்கு அனுப்பியவன் நான். இந்தத் தொடரில் இத்தனை வாரமாக மரங்களைப் பற்றியும் மாற்றல்களைப் பற்றியும் மேலதிகாரிகளின் வேடிக்கைகளைப் பற்றியும் எழுதிவந்தேன். இதை எழுதாமல் தள்ளிப்போடத்தான் அதையெல்லாம் எழுதினேனோ என்று இப்போது தோன்றுகிறது.

அவரைக் கொளஞ்சி என்று இங்கே அழைக்கிறேன். அவருடைய ஊரைச் சொல்லப்போவதில்லை.

கத்திரி வெயில் நாள் ஒன்று. கல்வராயன் மலை வெளிறிப்போய், ஏறக்குறைய வானத்தின் நிறத்திலேயே நிற்கிறது. கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துச் சாலையை ஒட்டி எங்கள் வனத்துறை நாற்றங்கால். பாத்திகளின்மேல் கண்ணாடி போன்ற பாலிதீன் தாளை இழுத்துப் போர்த்தி, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்திருக்கிறோம். தாளின் உள்பக்கம் முழுக்க வியர்த்ததுபோல் நீர்த்துளிகள். மேலதிகாரி ஒருவர் குடை நிழலில் நிற்கிறார். நான் பேனாக்கத்தியை எடுத்து, கை நுழையும் அளவுக்குத் தாளைக் கீறுகிறேன்.

"கையை உள்ளே விட்டுப் பாருங்க சார்."

விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். "என்னய்யா இது, இதுலயே சோறு வடிச்சுடலாம் போலிருக்கே."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் பூவாளியோடு நின்றிருந்த கொளஞ்சி, அதிகாரியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்தக் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயிலுக்கும் ஒரு வேலை

நாற்றங்காலில் விதையை முதலில் நெருக்கமாகத் தூவும் இடத்துக்குத் தாய்ப்பாத்தி என்று பெயர். இரண்டு இலை விட்டதும் அங்கிருந்து பிடுங்கிப் பைகளில் நடுவோம். சவுக்கு, தைலமரம் இவற்றின் விதை தூசி மாதிரி இருக்கும்; முளைப்பது நூல் மாதிரி இருக்கும். காலையில் பச்சைத் துணி விரித்ததுபோல் இருக்கும் பாத்தி, சாயங்காலம் யாரோ உட்கார்ந்து எழுந்ததுபோல் கிடக்கும். குனிந்து பார்த்தால், மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு கறுத்து இளைத்திருக்கும். நாற்றழுகல் நோய். மண்ணிலேயே இருக்கிற பூஞ்சணம்.

முந்திய ஆண்டு அப்படித்தான் எங்கள் தாய்ப்பாத்திகள் பெரும்பாலும் போயின. மருந்து கலந்த நீரை ஊற்றுவதுதான் அதுவரை வழக்கம். அதன் நெடியில் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை செய்வார்கள். கண் எரிகிறது என்று அழுதுகொண்டே செய்தவர்களும் உண்டு. அந்தச் சமயம்தான் ஒரு பயிற்சிக்குப் போய், வெயிலைக் கொண்டே மண்ணைச் சுத்தம் செய்யும் முறையைக் கற்றுவந்தேன்.

முறை எளிது. கோடை உச்சத்தில் பாத்தியை நன்றாகக் கொத்தி, தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். மேலே ஒளி புகும் தாளைப் போர்த்தி, காற்றுப் போகாமல் ஓரத்தை மூட வேண்டும். வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிட வேண்டும். ஈரமும் சூடும் சேர்ந்து பூஞ்சணம், களை விதை, வேர்ப்புழு எல்லாவற்றையும் அவித்துவிடும். கறுப்புத் தாள் கூடாது. காய்ந்த மண் கூடாது. முக்கியமாக, நடுவில் திறக்கவே கூடாது. இந்தக் கடைசி விதியை வேலையாட்களிடம் நான் எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

நாற்றங்காலில் பை நிரப்பும் பச்சையம்மாள் வாய்த்துடுக்குக்காரி. "பூமியப் போட்டு வேவ வெக்கப் போறாராம் சாரு" என்றாள். "அப்போ சூரியனுக்கும் கூலி மஸ்டர் ரோல்ல பேர் எழுதுங்க சார். எங்களாட்டமே அதுவும் வெயில்லதான நின்னுக்கினு கீது."

கொளஞ்சி எங்கள் காவலாள். எனக்கு ஏறக்குறைய அவர் வயதுதான் இருக்கும். தினக்கூலி. நெடுநாள் வேலை பார்த்த தினக்கூலிகளை நிரந்தரமாக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போது உறுதியாகிக்கொண்டிருந்தது. அவருடைய முறை நெருங்கியிருந்தது. சொந்தமாக நிலம் என்று ஒரு அடிகூட இல்லாத குடும்பம். அரசாங்கச் சம்பளம் என்பது அந்த வீட்டுக்கு என்ன என்பதை, அவர் மனைவி தனக்கோடி நாற்றங்காலுக்குச் சோறு கொண்டுவரும்போது நடந்து வரும் நடையிலேயே பார்க்கலாம்.

தாள் போர்த்திய நாளிலிருந்து கொளஞ்சி வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். ஆடு மிதித்தால் தாள் ஓட்டையாகும், நாய் நடந்தால் நகம் கிழிக்கும். வேலிக்காத்தான் முள்ளை வெட்டிவந்து பாத்திகளைச் சுற்றி அடுக்கினார்.

மறியல் நாள்

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பகுதி கொந்தளித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. கொளஞ்சி, போராடிய சமூகத்தில் பிறந்தவர். நான் வேறு.

சாலை மறியல் நடந்த அன்று நான் திருநாவலூரில் மாட்டிக்கொண்டேன். என் வீடு அங்கேதான். பேருந்து ஓடவில்லை. சாலையின் குறுக்கே புளியமரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டுக் கிடந்தன. என் தாத்தா காலத்து மரங்கள். வெட்டுவாயில் இருந்து கசிந்த ஈரத்தில் எறும்பு மொய்த்திருந்தது. அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. அதை மரத்தின்மேல் உள்ள பாசம் என்று அப்போது நினைத்தேன். பாசம் இருந்தது உண்மைதான். அதோடு சேர்ந்து, ஒரு சாதியின்மேல் ஒட்டுமொத்தமான வெறுப்பும் அன்று எனக்குள் வந்து உட்கார்ந்தது. எதற்காக அவர்கள் சாலைக்கு வந்தார்கள் என்று யோசிக்க நான் ஒரு நாழிகைகூடச் செலவழிக்கவில்லை. நான் படித்தவன், யோசித்திருக்க வேண்டும்.

நாற்றங்காலில் அன்று நடந்ததைப் பச்சையம்மாள் பின்னால் சொன்னாள். கொளஞ்சியின் பங்காளிகள் கூட்டமாக வந்து வேலி ஓரம் நின்றிருக்கிறார்கள்.

"இன்னாடா கொளஞ்சி, ஊரே ரோட்டுல நிக்குது. நீ பாத்திக்குப் போர்வ போத்திட்டு ஒக்காந்துக்கினு இருக்கற."

"சர்க்காரு மருமவன் அவன். மாமியாரு வூட்டு வாசல்ல காவ காக்கறான், வுடு."

"சீர் இன்னாடா குடுத்தாங்க? பிளாஸ்டிக் பேப்பரா?"

கொளஞ்சி கோபப்படவில்லையாம். "இந்த வருசம் பர்மனென்ட் வருதுடா. எனக்கும் சேத்து நீங்களே கத்திட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பேருந்து ஓடத் தொடங்கியதும் நான் வந்து பார்த்தேன். ஒரு தாளிலும் ஒரு கீறல்கூட இல்லை. இதைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும்: யாரும் எங்கள் நாற்றங்காலைத் தொடவில்லை.

கை நுழையும் அளவு

அதற்குப் பிறகுதான் அந்த மேலதிகாரி வந்ததும், நான் தாளைக் கீறியதும். அவர் போன இடமெல்லாம் சொல்லியிருப்பார் போல. பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கரும்பு ஆலையில் இருந்து வந்தார்கள், ஒன்றிய அலுவலகத்தில் இருந்து வந்தார்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நான் ஒரு கிழிசல் போட்டேன். வெந்நீர்ப் பானைக்குள் விட்டதுபோல் அவர்கள் கையை உதறிக்கொள்ளும் அந்த நொடிக்காகவே போட்டேன். வெயிலில் உள்ளே நடக்க யாரும் விரும்பவில்லை. அதனால் எல்லாக் கிழிசலும் சாலையோரப் பாத்திகளில்தான்.

அவர்கள் போனதும் கொளஞ்சி மருந்துக்கடை பிளாஸ்டர் வாங்கிவந்து ஒட்டுவார். தாளின் உள்பக்க ஈரத்தில் அது நிற்காது.

ஒருநாள் சொன்னார்: "ஆடு வந்தா வெரட்றேன் சார். நாய் வந்தா வெரட்றேன். உங்கள எப்டி சார் வெரட்றது?"

நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். அடுத்த வாரமும் கீறினேன்.

தாளை எடுத்து விதைத்தோம். எல்லாப் பாத்தியும் முளைத்தது. சில நாளில் சாலையோரப் பாத்திகள் சாயத் தொடங்கின. அதே கறுத்த கழுத்து. உள்ளே, யாரும் எட்டிப் பார்க்காத பாத்திகள் மட்டும் அடர்ந்து நின்றன. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. சூடு வெளியேறிய இடங்களில் எல்லாம் பூஞ்சணம் பிழைத்துக்கொண்டது. பாதி வெந்த மண்ணில் விதைத்திருக்கிறோம்.

"ஆமாம் சார்"

அதே மேலதிகாரி மறுபடி வந்தார். இந்தமுறை குடை பிடிக்க ஆள் இல்லை; முகத்தில் சிரிப்பும் இல்லை. இந்த முறையைத் தன் சாதனையாக மேலிடத்தில் சொல்லிவைத்திருந்தார். கொட்டகையில் சுருட்டி வைத்திருந்த தாள்களை விரிக்கச் சொன்னார்.

"இது என்னய்யா இத்தனை கிழிசல்?"

அவற்றில் ஒன்றில் அவர் கையே நுழைந்திருக்கிறது. மறந்துவிட்டாரா, மறந்ததுபோல் இருந்தாரா, எனக்குத் தெரியாது. நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "மறியல் அன்னைக்கு ரோட்டுல இருந்து வந்து கிழிச்சுட்டானுங்களா?"

சாலையோரப் பாத்திகள். கத்தி பட்ட தாள். பொய் தானாகவே அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

"ஆமாம் சார்" என்றேன்.

"காவல் யாரு?"

"கொளஞ்சி."

"அவனும் அந்த ஆளுங்கதானா?"

"ஆமாம் சார்."

காவலாளே கூட நின்று கிழித்ததாக அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன். கொளஞ்சி அப்போது வெளியே, பிழைத்த பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

அத்தோடு போகும் என்று நினைத்தேன். மழைக்காலம் நெருங்கியபோது போராட்டம் முன்பைவிடக் கடுமையாக மூண்டது. அரசாங்கச் சொத்துக்குச் சேதம் செய்தவர்கள் என்று ஊர் ஊராகப் பிடித்தார்கள். ஒரு நண்பகலில் போலீஸ் ஜீப் நாற்றங்காலுக்கே வந்தது. பெண்கள் மண் நிரப்பிக்கொண்டிருந்த பைகளோடு அப்படியே நின்றார்கள்.

கொளஞ்சி என்னைப் பார்த்துக் கேட்டார்: "சார், உங்களுக்குத் தெரியும்ல. சொல்லுங்க சார்."

"போய்ட்டு வா. பாத்துக்கலாம்" என்றேன்.

அவர் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு ஜீப்பில் ஏறினார். நான் பார்த்துக்கொள்ளவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே இறக்கி விட்டிருப்பார்கள்.

சிறையில் இருந்து வெளியே வந்தபோது அவருக்கு ஒரு காது கேட்கவில்லை. யார் அடித்தது, எங்கே அடித்தது என்று நான் கேட்கவில்லை. அதற்குள் நிரந்தரமாக்கும் ஆணை வந்து, அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள்கூடக் காக்கிச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கில் மாட்டியவருக்கு வேலை இல்லை. நாற்றங்கால் கதவுக்கு வெளியே நின்று, கேட்கும் காதை என் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, "ஒருக்கா மேலிடத்துக்கு எழுதிப் பாருங்க சார்" என்றார். எழுதுகிறேன் என்றேன். கொஞ்ச நாளில் எனக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தது. போய்விட்டேன்.

பரிகாரம்

ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, வீட்டில் பேச்சுத்துணை இல்லாமல் போனது. அப்போதுதான் அந்த "ஆமாம் சார்" எனக்குக் கேட்க ஆரம்பித்தது. பழைய அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அங்கிருந்த இளம் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அந்தக் காலத்துக் கோப்பு எதுவும் இப்போது இல்லை என்றார். தேநீர் வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார்.

பலர் முன்னால் செய்த தவறைப் பலர் முன்னால்தான் சரிசெய்ய வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏறி அவர் ஊருக்குப் போனேன். வழியெல்லாம் கரும்பு வண்டிகள். என்ன பேச வேண்டும் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மாரியம்மன் கோயில் முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வனத்துறையில் இருந்தவன் என்றதும் மரியாதையாக நாற்காலி போட்டு, சோடா உடைத்துக் கொடுத்தார்கள். கொளஞ்சியை அழைத்துவர ஆள் போனது. வெள்ளைச் சட்டையில் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டதும் முகம் மாறியது.

"சார், வூட்டுக்கு வாங்க. அங்க பேசிக்கலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இல்ல கொளஞ்சி, எல்லாரும் கேக்கட்டும்" என்றேன்.

எழுந்து நின்று சொன்னேன். தாளைக் கிழித்தது என் கத்தி. கொளஞ்சி மறியலுக்குப் போகவே இல்லை. அன்று முழுக்க அரசாங்கப் பாத்திக்குக் காவல் இருந்தவர் அவர். நான் பொய் சொன்னேன்; அவர் சிறைக்குப் போனார். கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன்.

எனக்கு நெஞ்சு லேசானது. சுற்றிப் பார்த்தேன். யார் முகத்திலும் நான் எதிர்பார்த்தது இல்லை.

"அப்போ இவரு போராட்டத்துக்குப் போவவே இல்லியா?" என்றார் ஒருவர்.

"போராட்ட நெனவு நாளுக்கு வருசா வருசம் மால வாங்கிக்கினாரே."

"பாத்தியக் கிழிச்ச சிங்கம்னு நான்தான்டா மைக்குல சொன்னேன்" என்று இன்னொருவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "கடைசில பாத்தா சிங்கம் பூவாளி புடிச்சிக்கினு நின்னுருக்குது."

சிரிப்பு பரவியது. கூட்டத்தில் இருந்து ஒரு நடுவயதுக்காரர் எழுந்து, கொளஞ்சியைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார். கொளஞ்சியின் மகன் என்று பிறகுதான் தெரிந்தது. ஊரில் அந்த மகனுக்கு இருந்த பேச்சும் செல்வாக்கும் தகப்பன் சிறைக்குப் போனதால் வந்தவை.

பேருந்து நிறுத்தம் வரை கொளஞ்சி கூடவே வந்தார். பாதி வழி கடந்தோம். பிறகு சொன்னார்: "வெளிய வந்த புதுசுல நான் பண்ணலன்னுதான் சொல்லிக்கினு இருந்தேன் சார். ஒருத்தரும் நம்பல. அடக்கமா பேசறான்னாங்க. வேலையும் போச்சி, காதும் போச்சி. ஊரு கூப்ட்டு மேடையில ஒரு நாற்காலி போட்டுச்சி. ஒக்காந்துட்டேன்."

"எனக்குத் தெரியாது கொளஞ்சி."

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். அன்னிக்கும் என்ன ஒரு வார்த்த கேக்கல. இன்னிக்கும் கேக்கல."

பேருந்து வந்தது. "பெரியவரு, பாத்து எறக்கி வுடுப்பா" என்று நடத்துநரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அந்த ஆண்டு நினைவு நாளில் மேடையில் அவருக்கு நாற்காலி போடவில்லை என்று பச்சையம்மாள் தொலைபேசியில் சொன்னாள். மகன் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டான். கொளஞ்சியும் தனக்கோடியும் ஊரை விட்டு, நைனார்பாளையம் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இதை எழுதுவதற்கு முன்னால் நைனார்பாளையம் போனேன். இந்தமுறை கேட்பது என்று போனேன். கொளஞ்சி வெயிலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். தனக்கோடி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனவர், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டேன். கேட்கும் காதுக்குப் பக்கத்தில் குனிந்து இரண்டு முறை கேட்டேன்.

"எழுதுங்க சார்" என்றார். கத்தியை நிறுத்தவில்லை. "ஆனா நான்தான் கிழிச்சேன்னு எழுதிடுங்க. அந்தப் பெரியவருக்கு வயசாயிடிச்சி, அன்னிக்கு கோயிலாண்ட வந்து ஏதோ மாத்திச் சொல்லிட்டாருன்னு எழுதிடுங்க. எம் புள்ள அதப் படிப்பான்."

"அது பொய் ஆச்சே கொளஞ்சி."

"மொத தடவ சொல்லும்போது வாய் கூசலியே சார்."

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பல நாள் யோசித்தேன். யோசித்த பிறகும் நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன்.